கேக் கோபுரத்தைத் தாங்கினது எது?

1840-ல விக்டோரியா ராணியோட கல்யாண கேக் கிட்டத்தட்ட 300 பவுண்டு. உயரம் கேட்டா சிரிப்பீங்க: வெறும் 14 அங்குலம்! சுற்றளவுதான் 9 அடி.

1858-ல அவங்க மகள் கல்யாணத்துக்கு வந்த கேக் நல்லா உயரம். ஆனா அடித்தட்டு மட்டும்தான் கேக், மேல எல்லாம் சர்க்கரை வேலைப்பாடு. இதை நான் ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன். பழ கேக் கனமானது; ஒண்ணு மேல ஒண்ணு வச்சா கீழ இருக்கிறது அமுங்கிடும்.

1882-ல இளவரசர் லியோபோல்ட் கல்யாணத்துலதான் எல்லா அடுக்கும் நிஜ கேக். முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் கலந்த ஐசிங் காய்ஞ்சா ஓடு மாதிரி இறுகும். அதுக்கப்புறம்தான் அடுத்த தட்டை ஏத்த முடியும். தூண்கள் பின்னாடி வந்தது. விளக்குமாத்துக் கட்டையை நறுக்கி ஐசிங் பூசினதுதான் அந்தத் தூண்னு ஒரு பேச்சு உண்டு.

இப்போ நாம பார்க்கிற அஞ்சடுக்கு கேக்குல மெத்துன்னு இருக்கிற ஸ்பாஞ்ச் எதையும் சுமக்கறதில்லை. ஒவ்வொரு தட்டுக்கு அடியிலயும் ஒரு அட்டை, அதுக்குக் கீழ குச்சிகள். எடை குச்சி வழியா நேரா அடிப்பலகைக்கு இறங்கிடுது.

1947-ல இளவரசி எலிசபெத் கல்யாணத்துக்கு 9 அடி உயரத்துல நாலடுக்கு கேக், 500 பவுண்டு. நாடே ரேஷன்ல இருந்ததால ஆஸ்திரேலிய கேர்ள் கைட்ஸ் அனுப்பின பொருட்களை வச்சு செஞ்சாங்க. சில வருஷம் முன்னாடி, போர் நடந்தப்போ, அங்க கேக்குக்கு ஐசிங் போடவே தடை. பல ஜோடிகள் வாடகைக்கு எடுத்த அட்டைக் கோபுரத்துக்குள்ள சின்ன கேக்கை ஒளிச்சு வச்சு போட்டோ எடுத்துக்கிட்டாங்க.