அரண்மனைக்கு இலண்டன், குடிசைக்கு?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருமருங்கும் விரிந்து கிடக்கிறது கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தியும் சோளமும் மல்லியும். பொய்த்தால் வெடித்த மண்ணும் சீமைக்கருவேலும்! இந்த மண்ணிலே ஒரு குடியானவன் ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்ப்பது என்ன? மூன்று ஏக்கர் மானாவாரி நிலம், ஓட்டு வீடு ஒன்று, மனைவியின் கழுத்திலும் அடகுக் கடையிலும் மாறி மாறி வாழும் நாலு பவுன். அருப்புக்கோட்டை நெசவாளியானால், நிலத்துக்குப் பதில் ஒரு தறி.

இந்தச் சிறு சொத்துக்கு உயில் எதற்கு என்று கேட்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: அந்தக் குடியானவன் கண்மூடிய பதினாறாம் நாள், பந்தலைப் பிரிக்கும் முன்பே, அழுது ஓய்ந்த மகளின் எதிரே ஒரு காகிதம் நீட்டப்படுகிறதே, அது மட்டும் எதற்கு?

அதன் பெயர் விடுதலைப் பத்திரம். தந்தையின் சொத்தில் தனக்குள்ள பங்கை மகள் விட்டுக்கொடுத்து எழுதித் தரும் சீட்டுக்கு 'விடுதலை' என்று பெயரிட்டானே, அவன் பெரிய சொல்வித்தைக்காரன்தான்! "உனக்குத்தான் நகை போட்டோமே, சீர் செய்தோமே! நாளைக்குப் பிறந்த வீட்டுப் படி ஏற வேண்டாமா, தாயீ?" என்கிறான் அண்ணன். கையெழுத்து விழுகிறது. உடன்பிறந்தாள் உரிமையிழந்து ஊர் திரும்புகிறாள்.

இந்தக் காகிதத்துக்குப் பின்னே ஒரு நீண்ட வரலாறு நிற்கிறது.

திருச்சுழிக்கு வடகிழக்கே சிவகங்கை. 1801-ல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கும்பெனியார், அந்தச் சீமையைக் கௌரி வல்லப பெரிய உடையத்தேவரிடம் ஒப்படைத்தனர். 1829-ல் ஆண் மகவின்றி அவர் மறைந்தார். மனைவியர் இருந்தனர், மகளிர் இருந்தனர். ஆயினும் சீமையைக் கைக்கொண்டது யார்? தமையனாரின் மகன்! குடும்பம் பாகப்பிரிவினை ஆகவில்லை, ஆகவே ஆண்வழிக்கே சொத்து என்பது அவர் தரப்பின் வாதம்.

மகள் காத்தம நாச்சியார் அடங்கவில்லை. மதுரையிலும் சென்னையிலும் அலைந்த வழக்கு கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சிலை எட்டியது. 1863-ல் தீர்ப்பு வந்தது. 'சீமை, தந்தை தாமே ஈட்டிய தனிச் சொத்து. குடும்பம் பிரியாதிருப்பினும் தனிச் சொத்து அவருடைய மனைவிக்கும் மகளுக்குமே செல்லும்' என்பது அதன் சாரம். தந்தை மறைந்து 34 ஆண்டுகளுக்குப் பிறகு மகளுக்கு நீதி!

அடுத்தது இராமநாதபுரம். திருச்சுழிச் சீமை அடங்கியிருந்த சமஸ்தானம் அது. சேதுபதியின் விதவையான இராணி பர்வதவர்த்தினி, 1847-ல் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவர் அனுமதி தராத தத்து செல்லாது, வாரிசற்ற ஜமீன் சர்க்காருக்கே சேரும் என்றது அரசு. 1868-ல் பிரிவி கவுன்சில், பங்காளிகளின் இசைவு இருந்தாலே போதும் என்று இராணியின் பக்கம் தீர்த்தது. அத்துடன் நில்லாமல், மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் ஏட்டிலுள்ள சாத்திரத்தைவிட வலியது என்றும் உரைத்தது. சாத்திரம் மாறாதது என்று சாதிப்போர் இதை நினைவில் வைப்பது நன்று.

அரண்மனைக்கு வக்கீல் உண்டு, வராகன் உண்டு, வழக்கைக் கடலுக்கு அப்பால் அனுப்ப வழியும் உண்டு. சீமை ஒன்று 34 ஆண்டு நீதிமன்றப் படிக்கட்டில் கிடந்தும் பிழைத்தது. மூன்று ஏக்கர் நிலம் எத்தனை ஆண்டு தாங்கும்?

நம் நாட்டுக் குடும்பங்களுக்கு உயில் என்பதே புதுச் சரக்கு. சொல்லே ஆங்கிலேயன் 'வில்' தந்த சொல். சாளுக்கிய நாட்டு விஞ்ஞானேசுவரர் யாக்ஞவல்கிய ஸ்மிருதிக்கு எழுதிய மிதாட்சர உரையே தென்னாட்டில் சட்டமாக நின்றது. அதன்படி, குலச் சொத்தில் மகனுக்குப் பிறக்கும்போதே பங்கு. மகளுக்கோ பிறந்தாலும் இல்லை, வளர்ந்தாலும் இல்லை. அப்படிப்பட்ட சொத்தைத் தந்தை உயில் எழுதியும் மாற்றவியலாது. 1829-ல் சென்னை மாகாணத்தில் பிறந்த ஒழுங்குமுறைச் சட்டம், இந்து சட்டத்துக்கு ஒவ்வாத உயில் செல்லாது என்றது. 1870-ல் வந்த இந்து உயில்கள் சட்டம், நம் மாகாணத்தில் சென்னைப் பட்டணத்தை மட்டுமே தொட்டது.

திருச்சுழிக் குடியானவன் நிலை என்ன? அவன் வாய்ச்சொல்லே உயிலாக நின்றது. 1927 ஜனவரி 1 முதல்தான், இந்து ஒருவர் செய்யும் உயில் எழுத்தில் இருக்கவேண்டும், இரண்டு சாட்சிகள் ஒப்பமிடவேண்டும் என்ற விதி எல்லா ஊருக்கும் வந்தது. ஏறத்தாழ நூறாண்டு ஓடிவிட்டது. நம் கிராமங்களிலோ, "அப்பா சாகும்போது சொன்னார்" என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. சொன்னவர் மண்ணுக்குள்ளே, கேட்டவர்கள் ஆளுக்கொரு கதை!

1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணுக்கும் சொத்தில் சமஉரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. சிரித்தார்கள் சிலர், சீறினார்கள் பலர். அந்த இயக்கத்தார் நடத்திய திருமணமே செல்லாது என்று 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புரோகிதன் இல்லாமல் மாலை மாற்றியவள், சட்டத்தின் கண்ணில் மனைவி ஆகவில்லை. மனைவி ஆகாதவள் வாரிசும் ஆவதில்லை! 1967-ல் அண்ணாவின் அரசு இயற்றிய சட்டமே, நடந்து முடிந்த அத்தகைய திருமணங்களுக்கும் சேர்த்து அந்த இழிவைத் துடைத்தது.

1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயிலின்றி இறப்பவரின் தனிச் சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு தந்தது. குலச் சொத்தின் கதவு மட்டும் மகளுக்குத் திறக்கவில்லை. செங்கற்பட்டுத் தீர்மானத்துக்கு அறுபதாண்டுக்குப் பின், 1989-ல், கலைஞர் அரசு தமிழ்நாட்டில் அந்தக் கதவைத் திறந்தது. ஆயினும் முன்னரே மணமானவர்கள் வெளியே நின்றார்கள். 2005 செப்டம்பர் 9-ல் நடைமுறைக்கு வந்த மையச் சட்டத் திருத்தம் அவர்களையும் உள்ளே அழைத்தது. அந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பே உரிமை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

2022-ல் ஒரு தமிழ்நாட்டு வழக்கு. 1949-ல் மறைந்த ஒருவர் தாமே ஈட்டிய சொத்து, மகளுக்கா, உடன்பிறந்தான் பிள்ளைகளுக்கா? மகளுக்கே என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று எது தெரியுமா? சிவகங்கை காத்தம நாச்சியாரின் 1863 வழக்கு! அரண்மனைப் பெண் ஒருத்தி அன்று போராடிப் பெற்றது, 159 ஆண்டுகளுக்குப் பின் எளிய குடும்பத்தின் மகளுக்குத் துணை நின்றது.

வெற்றி முழுமையா? இல்லை. அதே 1956-ன் சட்டத்தில் 30-ஆம் பிரிவு இருக்கிறது. ஒருவர் தம் தனிச் சொத்தையும், குலச் சொத்தில் தம் பங்கையும் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். 'எல்லாம் என் மகனுக்கே' என்று ஒரு வரி எழுதிவிட்டால், அந்தச் சொத்தில் மகளுக்கும் மனைவிக்கும் கிடைப்பது ஒன்றுமில்லை. சட்டம் கொடுத்ததை உயில் எடுக்கிறது. உயில் எடுக்காததை விடுதலைப் பத்திரம் எடுக்கிறது!

எனவே உயில் ஓர் அரிவாள். கதிரும் அறுக்கும், கையையும் அறுக்கும். பிடிப்பவர் யார் என்பதே கேள்வி. மனைவி கடைசி மூச்சுவரை வீட்டில் இருக்கலாம், மகனுக்கும் மகளுக்கும் நிலம் சமம், உடல் நலிந்த பிள்ளைக்குச் சற்றுக் கூடுதல் என்று தந்தை எழுதிவைத்தால், பதினாறாம் நாள் காகிதம் நீட்டுகிற கை தயங்கும். தங்கை வாயைத் திறக்காமலே தந்தையின் எழுத்து அவளுக்காகப் பேசும்.

அதற்குச் செலவு பெரிதல்ல. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டா. எழுதுபவர் தெளிந்த அறிவோடு ஒப்பமிட வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம். சாட்சி இருவர் அவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். அவர்கள் வயதில் இளையவராய், அந்தச் சொத்தில் பங்கு பெறாதவராய் இருத்தல் நல்லது. சர்வே எண், வீட்டு எண், நகை, கடன் எல்லாம் ஒளிவின்றி இடம்பெற வேண்டும். பதிவு கட்டாயமில்லை, எனினும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பின்னால் புரட்டுக்கு இடம் குறையும். மனம் மாறினால் மாற்றி எழுதலாம். கடைசி உயிலே நிற்கும். புரோபேட் என்னும் நீதிமன்றச் சான்று நெடுங்காலம் கட்டாயமாயிருந்தது, சென்னை போன்ற பெருநகரில் எழுதிய உயிலுக்கும் அங்குள்ள சொத்துக்குமே. கரிசல் காட்டு உயிலை அந்தக் கட்டாயம் தீண்டியதில்லை.

"உயில் எழுதினால் ஆயுள் குறையும்" என்பார் சிலர். அவர்களுக்கு அவர்கள் வழியிலேயே விடை சொல்வோம். திருச்சுழியில் 1879-ல் ஒரு வழக்குரைஞரின் வீட்டில் பிறந்து, துறவு பூண்டு, திருவண்ணாமலையில் வாழ்ந்தவர் இரமணர். ஆசிரம நிர்வாகம் பற்றி வழக்கு எழுந்தபின், 1938-ல் அவரும் ஓர் உயில் செய்து, நிர்வாகத்தைத் தம் தம்பியிடமும் அவர் வழியினரிடமும் ஒப்படைத்தார். அதற்குப் பிறகு பன்னிரண்டாண்டு வாழ்ந்து, 1950-ல்தான் மறைந்தார். எல்லாம் துறந்தவரே எழுதிவைத்தார் என்றால், பெண்டு பிள்ளைகளோடு வாழும் நாம் தயங்கலாமா?

இளைஞர்களே! மேடையில் பெண்ணுரிமை பேசுகிறோம், படிப்பகத்தில் படிக்கிறோம். நம் தங்கையின் முன்னே காகிதம் நீட்டப்படும்போது நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம்? அந்தக் காகிதத்தால் பங்கு பெருகுவது நமக்குத்தான் என்பதை மறவோம். தந்தை உயிரோடும் தெளிவோடும் இருக்கும்போதே அவருடன் அமர்வோம். தாயையும் தங்கையையும் உடன் வைத்துக்கொண்டு எழுதச் சொல்வோம். அந்தத் தாளில் தங்கையின் பெயர் நம் பெயருக்குச் சமமாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பவர் நாமாக இருப்போம்.