ரோசி நடித்த இடத்தைத் தேடி

பழைய படம் எடுத்த இடங்களைப் பார்க்கப் போகிறவர்கள் மனதில் ஒரு காட்சியோடு போவார்கள். இந்தப் பாறையில்தான் நின்றார், இந்தப் படியில்தான் பாடினார் என்று ஒப்பிட்டு மகிழ்வார்கள். நாங்கள் நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரத்துக்குப் பேருந்து ஏறியபோது ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் எதுவும் இல்லை. நாங்கள் தேடிப் போன படத்தின் சுருள் அழிந்துவிட்டது. இதுதான் நாயகி என்று ஐயமின்றிக் காட்டக்கூடிய நிழற்படமும் இல்லை.

படத்தின் பெயர் 'விகதகுமாரன்'. மலையாள சினிமாவின் முதல் படம், பேசாப் படம். எடுத்தவர் ஜே.சி. டேனியல். நாயகி பி.கே. ரோசி, புலையர் குலத்தில் பிறந்த கூலித் தொழிலாளி. காக்கரிசி நாடகம் ஆடத் தெரிந்தவர்.

டேனியல் தம் நிலத்தை விற்று 1926இல் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். இடம் பட்டம், இன்றைய அரசுப் பணியாளர் தேர்வாணைய அலுவலகத்துக்கு அருகில். அங்கே இறங்கி ஓர் ஆட்டோ ஓட்டுநரிடம் விசாரித்தோம். தேர்வாணைய அலுவலகத்துக்குக் கை காட்டினார். ஸ்டுடியோ என்றதும், "இங்க அப்படி ஒண்ணும் இல்லையே அண்ணா" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே ஒரு ஸ்டுடியோ இருந்தது என்று சொல்லும் பலகை எதுவும் எங்கள் கண்ணிலும் படவில்லை.

ரோசி ஏற்ற வேடம் சரோஜினி என்ற நாயர் பெண். காலையில் வேலைக்கு வருகிறவரைப் போல மதியச் சோற்றையும் கையில் எடுத்துக்கொண்டு வருவாராம். கேமரா முன்னால் நாயர் பெண்ணாக உடுத்தி நிற்பார். மாலையில் அதைக் களைந்துவிட்டுத் தன் குடிசைக்குத் திரும்புவார்.

இந்த உடை மாற்றம் அன்றைய திருவிதாங்கூரில் எவ்வளவு பெரிய மீறல் என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு வந்த 1859ஆம் ஆண்டின் அரச அறிவிப்பு நாடார் பெண்கள் மார்பை மறைக்க அனுமதித்தது. ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. பொதுச்சாலையில் போகும் உரிமைக்காக அய்யன்காளி 1893இல் வில்லுவண்டி ஓட்ட வேண்டியிருந்தது. சாதி அடையாளமாகக் கழுத்தில் சுமந்த கல்மாலைகளைப் புலையர் பெண்கள் அறுத்தெறிந்தது 1915இல். கோயில் நுழைவு அறிவிப்பு வந்ததோ 1936இல்தான். இவற்றுக்கு நடுவேதான் ஒரு புலையர் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் தோன்றினார்.

படம் வெளியான ஆண்டு 1928 என்று நீண்ட காலம் சொல்லி வந்தார்கள்; 1930 என்பது பிற்கால ஆய்வாளர்களின் முடிவு. திரையிட்ட இடம் கேபிடல் தியேட்டர். நகரின் பெரிய மனிதர்கள் அழைக்கப்பட்டிருந்தார்கள். ரோசி அவர்களோடு உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. திரையில் நாயகன் அவர் கூந்தலில் இருந்த பூவை முத்தமிட்டதும் கூச்சல் எழுந்தது, கற்கள் பறந்தன, திரை கிழிந்தது. பிறகு அவர் குடிசைக்குத் தீ வைத்தார்கள். தமிழகம் நோக்கி வந்த ஒரு லாரியில் ஏறித் தப்பினார். அந்த லாரி ஓட்டுநரையே மணந்துகொண்டு, ராஜம்மாள் என்ற பெயரில் நாகர்கோவிலில் வாழ்ந்து முடித்தார். மீண்டும் நடிக்கவே இல்லை.

கேபிடல் தியேட்டரும் இன்று இல்லை. அது இருந்ததாகச் சொல்லப்படும் ஏ.ஜி. அலுவலகப் பகுதியில் சிறிது நேரம் நின்றோம். பேருந்துகள் போய்க்கொண்டிருந்தன.

டேனியலும் கடனாளியானார். பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்தார். 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். அவருக்கும் அநீதி நடந்தது. ஆனாலும் 1992 முதல் கேரள அரசின் உயரிய திரைப்பட விருது அவர் பெயரில் இருக்கிறது. ரோசியின் பெயரை மீட்டெடுத்தவர்கள் பெரும்பாலும் அரசுக்கு வெளியே இருந்தவர்கள். தலித் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் தேடினார்கள். மலையாளப் பெண் திரைக்கலைஞர்கள் 2019இல் அவர் பெயரில் ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினார்கள். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது.

மகன் சிறுவயதில் விளையாட்டாகப் படச்சுருளைக் கொளுத்திவிட்டான் என்று சொல்வார்கள். அது விபத்து. குடிசையைக் கொளுத்தியது விபத்தில்லை. வரலாற்று நூல்கள் இரண்டையும் ஒரே தொனியில் "துரதிர்ஷ்டம்" என்று எழுதிவிட்டுக் கடந்து போவதுதான் நமக்கு உறுத்துகிறது.

எனவே கேட்கிறோம். பட்டத்தில் ஒரு பலகை வையுங்கள். தியேட்டர் இருந்த இடத்தில் இன்னொன்று வையுங்கள். முதல் படம், முதல் நாயகி என்று பெருமையாகவே எழுதுங்கள். அந்த நாயகிமீது கல்லெறிந்தார்கள், அவர் வீட்டை எரித்தார்கள் என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள்.

மாலையில் நாகர்கோவில் பேருந்தில் ஏறினோம். அன்று இந்த ஊரும் அந்த ஊரும் ஒரே திருவிதாங்கூர் அரசின் கீழ்தான் இருந்தன. நாடு கடக்காமலேயே அவர் தன் பெயரை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று ஊர்கள் கடந்தன. எந்த வழியாக அந்த லாரி வந்திருக்கும் என்று பேசிக்கொண்டே வந்தோம்.