பச்சை சோப்பும் ஒரு பாகப்பிரிவினையும்



2001-ல் நாம் நசரத்பேட்டை ஹாஸ்டலில் பெட்டியை இறக்கியபோது முதலில் சண்டை போட்டது எதோடு தெரியுமா? தண்ணீரோடு! போர்வெல் தண்ணி, வாயில் வைத்தால் கரிக்கும். வீட்டிலிருந்து கொண்டு வந்த வாசனை சோப்பைத் தேய்த்தால் நுரை வராது; தலையில் வெள்ளையாய்ப் படிந்து நிற்கும். இரண்டாவது வாரத்தில் பாதிப் பேர் வாளியில் ஒரே பச்சைக் கட்டி. ஒருத்தன் கையிலிருந்து இன்னொருத்தன் கைக்குப் போய், கடைசியில் யாருடையது என்றே தெரியாமல் தேய்ந்து போகும். மெடிமிக்ஸ்தான்.

அது ஏன் அந்தத் தண்ணியிலும் கொஞ்சம் நுரைத்தது என்பதற்குப் பின்னால்தான் காரணம் தெரிந்தது. தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரை தரும். கெமிஸ்ட்ரி வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருக்க மாட்டேன்.

மெடிமிக்ஸ் என்றதும் பலர் கேரளத்து சோப்பு என்பார்கள். வேர் அங்கேதான். ஆனால் பிறந்தது நம் சென்னையில், 1969-ல். டாக்டர் வி.பி. சித்தன் தென்னக ரயில்வேயில் மருத்துவர். பரம்பரையாக வைத்தியம் பார்த்த சோலயில் குடும்பத்தைச் சேர்ந்தவர். நீராவி எஞ்சின் ஓடிய காலம் அது. கரியிலும் கிரீஸிலும் நாளெல்லாம் நிற்கும் ரயில்வே தொழிலாளர்கள் தோல் அரிப்பு, சொறி என்று அவரிடம் வருவார்கள். குடும்ப முறைப்படி காய்ச்சிய மூலிகை எண்ணெயைக் கொடுத்தார். கேட்டது. ஆனால் எண்ணெயைத் தடவிக்கொண்டு டியூட்டிக்குப் போக முடியுமா? சட்டையெல்லாம் பிசுபிசு. அந்த எண்ணெயையே சோப்பாக்கி விட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. மருந்தை நோயாளியின் குளியலுக்குள் நுழைத்த அந்த யோசனைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

வீட்டுச் சமையலறைதான் முதல் ஃபாக்டரி. மனைவி சௌபாக்கியமும் கூடவே நின்று வேலை செய்தார். பதினெட்டு மூலிகைகள்: வெட்டிவேர், வசம்பு, நன்னாரி, மரமஞ்சள், அதிமதுரம், சீரகம் என்று நம் பாட்டி அஞ்சறைப் பெட்டியிலும் நாட்டு மருந்துக் கடையிலும் பார்த்தவைதான் பாதி. செய்முறையும் காய்ச்சாத முறை. எண்ணெயையும் காரத்தையும் கலந்து, அச்சில் ஊற்றி, இறுக விட்டு, கையால் வெட்டி, உலர வைப்பது. நேரம் பிடிக்கும், ஆனால் சோப்பு உருவாகும்போது உண்டாகும் கிளிசரின் கட்டிக்குள்ளேயே தங்கிவிடும். பெரிய ஆலைகள் அதைத் தனியே பிரித்து விற்றுக் காசு பார்க்கும்.

விற்ற வழியும் டாக்டர் வழிதான். மளிகைக் கடைக்கு முன்னால் மருந்துக் கடை. டாக்டர் சொல்லி வாங்குகிற சோப்பு என்ற பெயர் வந்துவிட்டால் விளம்பரம் எதற்கு?

மூலிகை சோப்பில் இவர்தான் முதல் ஆள் என்று சொல்ல மாட்டேன். கல்கத்தாவில் 1920-லேயே வேப்பெண்ணெயில் மார்கோ வந்துவிட்டது. இரிஞ்ஞாலக்குடாவில் கேசவன் வைத்தியர் 1940-ல் சந்திரிகாவைத் தொடங்கினார். டாடாவின் ஹமாம் 1931. ஆனால் இவை இன்று எங்கே இருக்கின்றன பாருங்கள். ஹமாமைச் செய்த டாடா ஆயில் மில்ஸ் 1990-களில் இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. மார்கோ பல கை மாறி 2011-ல் ஜோதி நிறுவனத்திடம் போனது. சந்திரிகா விப்ரோவிடம். பெயர் இருக்கிறது, தொடங்கியவர்கள் வீட்டில் இல்லை.

மெடிமிக்ஸுக்கும் கெட்ட காலம் வந்தது. 1980-களில் தொழிலாளர் பிரச்சினையில் உற்பத்தியே நின்றது. கடைக்காரன் காத்திருப்பானா? அந்த இடத்தில் வேறு சோப்பை அடுக்கிவிடுவான். அந்தக் காலகட்டத்தில் தொழிலுக்கு வந்து தோள் கொடுத்தவர் மருமகன் ஏ.வி. அனூப். மகன் பிரதீப் சோலயிலும் தொழிலில் இருந்தார். பிறகு வளர்ந்தது, கடை கடையாகப் போனது, லாட்ஜ் குளியலறையில் சின்னக் கட்டியாக வந்து உட்கார்ந்தது. கூட கியூட்டிகுரா பவுடரும் குடும்பத்துக்குள் வந்தது.

எனக்கு ஆச்சரியம் இதற்குப் பிறகு நடந்ததுதான். 2007-ல், நாம் டிகிரி வாங்கி இரண்டு வருஷம் கழித்து, பாகம் பிரித்தார்கள். சாதாரணமாக என்ன நடக்கும்? கடலூர் கதை நமக்குத் தெரியும். சின்னி கிருஷ்ணனின் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பூ நடத்தினார்கள், சி.கே. ரங்கநாதன் வெளியே வந்து 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாயில் அப்பா பெயரைச் சுருக்கி சிக் என்று வேறு ஷாம்பூ போட்டார். அது கெவின்கேர் ஆக வளர்ந்தது, மீரா சீயக்காயும் வந்தது, வெல்வெட் மங்கியது. ஒரு வீடு, இரண்டு பெயர், ஒன்று பிழைத்தது.

இங்கே பெயரை உடைக்கவில்லை. வரைபடத்தை உடைத்தார்கள். தென் மாநிலங்களில் மெடிமிக்ஸ் அனூப்பின் ஏ.வி.ஏ. தரப்புக்கு, வடக்கு, மற்ற பகுதிகள் பிரதீப்பின் சோலயில் நிறுவனத்துக்கு. சோப்பு ஒன்று, கம்பெனி இரண்டு. இந்த ஏற்பாட்டில் ஆபத்து உண்டு. ஒரு தரப்பு தரத்தில் கை வைத்தால் அடி வாங்குவது இன்னொரு தரப்பும்தான். அதனாலேயே இருவருக்கும் ஒரே கட்டியைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் என்றும் சொல்லலாம். பாசம் செய்யாததை இந்தப் பயம் செய்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள் லஞ்ச் டைமில் சண்டைக்கு வரலாம்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? நம் பேட்சில் அப்பாவின் தொழிலைப் பார்ப்பவர்கள் குறைந்தது பத்துப் பேர். ஒருத்தன் வீட்டில் எண்ணெய்க் கடை. தாத்தா பெயரில் இருந்தது. அண்ணன் தம்பி பிரிந்தபோது யாருக்குப் பெயர் என்று பஞ்சாயத்து நடந்து, முடிவாகாமல், போர்டையே இறக்கி ஷெட்டில் சாத்தி வைத்துவிட்டார்கள். இப்போது எதிர் எதிரே இரண்டு கடை, இரண்டுக்கும் புதுப் பெயர். "மச்சான், தாத்தா பெயரைச் சொல்லித்தான்டா இன்னும் ஆள் கேட்டு வர்றாங்க, ரெண்டு கடையிலயும் அப்படி இல்லைன்னு சொல்றோம்" என்றான் போனில். அந்த போர்டு இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறதாம்.

ரீயூனியனுக்கு டெல்லி, பம்பாய்ப் பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே வாங்கிய மெடிமிக்ஸ் ஒரு கட்டி கொண்டு வாருங்கள். நான் பூந்தமல்லியில் ஒன்று வாங்கி வருகிறேன். உறையின் பின்பக்கம் இரண்டையும் சேர்த்து வைத்து விலாசத்தைப் படிப்போம். எண்ணெய்க் கடைக்காரனும் வருகிறான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி எனக்குப் போட்டு வையுங்கள்.