எச்சரிக்கைக்குப் பதில் சொல்வது யார்? தமிழகத்தில் தொலைநிலை நோயாளர் கண்காணிப்பின் வளர்ச்சியும் பழவேற்காட்டுக் கரையோரத் தேவைகளும்

முன்னுரை

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள தோணிரேவில் ஒருவருக்குச் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருந்தால், மாத்திரைக்குப் பழவேற்காடு, அதற்கு மேல் பொன்னேரி அரசு மருத்துவமனை, இன்னும் முற்றினால் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னை என்று சிகிச்சை தூரமாகிக்கொண்டே போகிறது. ஏரியை நம்பிப் பிழைப்பவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் வருமானத்தைத் தின்றுவிடும். ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் (INDIAB) ஆய்வு 2023இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, பெரியவர்களில் 35.5 சதவீதத்தினருக்கு ரத்தக் கொதிப்பு. இரண்டுமே ஒரு மருத்துவச் சந்திப்புக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்களில் சத்தமில்லாமல் முற்றுபவை.

அந்த இடைவெளியை நிரப்ப வந்ததே தொலைநிலை நோயாளர் கண்காணிப்பு. நோயாளி வீட்டிலேயே இருப்பார். கருவி காட்டும் அளவு மருத்துவமனைக்குப் போகும். அங்கே ஒருவர் அதைப் பார்த்து முடிவெடுப்பார். இம்முறை தமிழகத்தில் வளர்ந்த வழியைத் தொடர்ந்து, ஏரிக்கரைச் சிறு மருத்துவமனை ஒன்று மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது எதை முதலில் கேட்க வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வந்த அளவுக்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே முடிவு செய்த இடங்களில்தான் இம்முறை பலன் தந்திருக்கிறது என்பது இதன் வாதம்.

முன்னோடிகள்

1905இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன், மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளியின் இதய மின்துடிப்பைத் தொலைபேசிக் கம்பி வழியே 1.5 கிலோமீட்டர் தள்ளியிருந்த தம் ஆய்வகத்தில் பதிவு செய்தார். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் நார்மன் ஹோல்டர் முதுகில் சுமந்து செல்லும் வானொலிக் கருவியால் நடமாடும் மனிதரின் இ.சி.ஜி.யை எடுத்தார், அதன் எடை ஏறத்தாழ 38 கிலோ. 1974இல் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அடிப்படை முறையை வகுத்தார். கருவி சிறுத்து விரல்நுனிக்கு வந்து சேர முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

செயற்கைக்கோளும் கிராமமும்

தமிழக வரலாறு எல்லையோர ஆந்திரக் கிராமம் ஒன்றில் தொடங்குகிறது. சித்தூர் மாவட்டம் அரகொண்டாவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அப்போலோ மருத்துவமனை நிறுவிய தொலைமருத்துவ மையத்தை 2000 மார்ச்சில் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டு இஸ்ரோவும் தன் தொலைமருத்துவ முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. இவை பெரும்பாலும் ஆலோசனைக்கான ஏற்பாடுகள். நோயாளியைத் தொடர்ந்து கவனிப்பது அவற்றின் முதன்மை நோக்கமல்ல.

தொடர் கவனிப்பை நோக்கிய நகர்வுக்குச் சூணாம்பேடு நல்ல சான்று. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி மையம் 2006இல் அங்கு தொடங்கிய திட்டம் 42 கிராமங்களைத் தழுவியது. செயற்கைக்கோள் இணைப்புடன் ஒரு வேன் ஊர் ஊராகச் சென்றது. அதில் எடுத்த விழித்திரைப் படங்கள் சென்னைக்குப் போயின. அப்பகுதியிலேயே நிரந்தர நீரிழிவு மையம் ஒன்றும் அமைக்கப்பட்டது. ஓராண்டில் நோயாளிகளின் சராசரி எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் அளவு) 9.3 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. வேனும் இணைப்பும் நோயைக் கண்டறிய உதவின. அளவைக் குறைத்ததில் உள்ளூர் மையத்தின் பங்கே பெரிது என்று கொள்ளலாம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களும் இதே வழியில் வந்தவை. மேலூர் வட்டத்துக் கிராம இணைய மையங்களிலிருந்து கண் படங்களை மின்னஞ்சலில் பெற்ற அனுபவத்துக்குப் பின், 2004 முதல் பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கொண்டு நிரந்தர மையங்களை அது அமைத்தது. தேனிப் பகுதி மையங்களைப் பெர்க்லி ஆய்வாளர்களின் நெடுந்தொலைவு வைஃபை இணைத்தது. மையத்திலிருப்பவர் படம் எடுப்பார், மருத்துவமனையிலிருக்கும் மருத்துவர் திரையில் பார்ப்பார், நோயாளி கையில் மறுமொழியோடு வீடு திரும்புவார்.

நெஞ்சுவலி தந்த பாடம்

2012க்கும் 2014க்கும் இடையே தமிழகத்தில் நடந்த ஸ்டெமி ஆய்வு 2,420 மாரடைப்பு நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. சிறு மருத்துவமனைகளில் எடுத்த இ.சி.ஜி. பெரிய மருத்துவமனைக்கு உடனே சென்றது. ஆம்புலன்ஸும் அதே வலையில் இணைந்திருந்தது. ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்துக்குப் பின் ஆஞ்சியோகிராம் பெற்றோர் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆக உயர்ந்தனர். ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. இ.சி.ஜி.யை யார் பார்ப்பது, யார் வண்டி அனுப்புவது, நோயாளியை எங்கே சேர்ப்பது என்பவை முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தன.

பெருந்தொற்றுக்குப் பின்

2020 மார்ச் 25இல் வெளிவந்த தொலைமருத்துவ நெறிமுறைகள் இத்துறைக்கு இந்தியாவில் முதன்முறையாகத் தெளிவான விதிகளைத் தந்தன. ஏப்ரலில் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை வந்தது. அதைப் பெருமளவில் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையமும் ஹெலிக்ஸான் நிறுவனமும் சேர்ந்து உடல் வெப்பம், ஆக்ஸிஜன், மூச்சு, நாடி ஆகியவற்றைத் தொலைவிலிருந்து கவனிக்கும் கருவியை அப்போதுதான் கொண்டுவந்தன.

2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இவ்வரலாற்றைத் திருப்பிப் போட்டது. பி.பி. மெஷினும் குளுக்கோமீட்டரும் பெண் தன்னார்வலரின் பையில் ஏறி வீட்டுக்கே வந்தன. நோயாளி கருவியை இயக்கத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை.

வெளிநாட்டுச் சான்றுகள்

இதயச் செயலிழப்பு நோயாளிகள் 1,653 பேரிடம் அமெரிக்காவில் நடந்த டெலி-எச்.எப். ஆய்வு (2010), தானியங்கித் தொலைபேசியில் அறிகுறிகளைச் சொல்ல வைத்தது. பலன் இல்லை. 14 சதவீதம் பேர் அதைத் தொடவே இல்லை. இறுதி வாரத்தில் வாரம் மூன்று முறையாவது பயன்படுத்தியவர்கள் 55 சதவீதம் மட்டுமே. ஜெர்மனியின் டிம்-எச்.எப்.2 ஆய்வு (2018) மருத்துவரும் செவிலியரும் 24 மணி நேரமும் இருக்கும் மையத்தை வைத்துக்கொண்டது. இறப்பு நூறு நோயாளி-ஆண்டுகளுக்கு வழக்கமான சிகிச்சை பெற்றோரிடம் 11.34, கண்காணிக்கப்பட்டோரிடம் 7.86. இரண்டிலும் கருவி, நோயாளி வகை போன்ற வேறுபாடுகள் பல உண்டு. ஆயினும் மறுமுனையில் எந்நேரமும் ஆள் இருந்தாரா என்ற வேறுபாட்டைப் புறக்கணிக்க முடியாது.

ஏரிக்கரைக்கான தேர்வு

இந்த வரலாற்றிலிருந்து மருத்துவமனைக்கு நான்கு கேள்விகள் கிடைக்கின்றன.

முதலாவது, சிக்னல் இல்லாதபோது மென்பொருள் என்ன செய்யும்? பி.பி. மெஷின் புளூடூத் வழியே போனுக்குத் தரும் எண் போனிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் தானாகப் போய்ச் சேர வேண்டும். இந்திய ரத்தக் கொதிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பயன்படும் ‘சிம்பிள்’ செயலியும் சிக்னல் இல்லாதபோது பதிந்துவைத்துப் பின்னர் அனுப்பும்படியே வடிவமைக்கப்பட்டது. எண்ணைக் கையால் தட்டச் சொன்னால் 137/86 என்பது 140/90 ஆகப் பதிவாகக்கூடும். கடைசி இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்கும் பழக்கம் மருத்துவப் பதிவுகளில் நன்கு அறியப்பட்ட குறை. வீட்டில் ஒரே போன்தான், அதை மகன் ஏரிக்குக் கொண்டுபோகிறான் என்றால் தாயின் அளவு பதிவாகவே ஆகாது. அங்கே தன்னார்வலரின் போனே சரியான வழி.

இரண்டாவது, நேரம் யாருடையது? பழவேற்காட்டில் சுத்துவலை இறால் பிடிப்பு பாடு முறையில், முறை வைத்து நடக்கிறது. தினமும் காலை 8 மணிக்கு அளவு வர வேண்டும் என்று மென்பொருள் அடம்பிடித்தால், பாடு கிடைத்த மீனவர் ‘ஒத்துழைக்காதவர்’ பட்டியலில் விழுவார். வாரத்துக்கு இத்தனை அளவுகள், வசதிப்பட்ட நேரத்தில் என்று மாற்றியமைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எந்த அளவுக்கு எந்த எச்சரிக்கை? ஐந்து நிமிடம் உட்காராமல், வலையை இழுத்துவிட்டு வந்து எடுத்த 160க்கெல்லாம் மணி அடித்தால், சில வாரங்களில் செவிலியர் மணியைக் கவனிப்பதையே விட்டுவிடுவார். உயர்ந்த அளவை மீண்டும் எடுக்கச் சொல்லிவிட்டு, அதன் பின்னரே எச்சரிக்கும் விதி தேவை. 180க்கு மேல், அதோடு நெஞ்சுவலியோ கைகால் செயலிழப்போ இருந்தால் செயலி உடனே 108 ஆம்புலன்ஸ் எண்ணைத்தான் காட்ட வேண்டும்.

நான்காவது, தரவு யாருடையது, சட்டம் என்ன சொல்கிறது? 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவ நோக்கிலான மென்பொருளும் மருத்துவக் கருவிக்கான சட்ட வரையறைக்குள் வருகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை வலியுறுத்துகிறது. ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் பதிவுகள் எல்லாம் திறந்த வடிவில் மருத்துவமனைக்குத் திரும்பும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.

முடிவுரை

நடைமுறைப்படுத்தும் வரிசையும் இதிலிருந்தே வருகிறது. மென்பொருளுக்குப் பணம் கட்டும் முன், எச்சரிக்கையை முதலில் பார்க்கும் செவிலியர் யார், அவர் விடுப்பில் இருந்தால் யார், எத்தனை மணி நேரத்துக்குள் நோயாளிக்குப் போன் போக வேண்டும், எப்போது மருத்துவர் தலையிட வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுத வேண்டும். பிறகு ரத்தக் கொதிப்பு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓர் ஊரில், சில மாதங்கள் நடத்திப் பார்க்கலாம். வந்த அளவுகளின் எண்ணிக்கையைவிட, வந்த எச்சரிக்கைகளில் எத்தனைக்குக் குறித்த நேரத்தில் பதில் போனது என்பதே அந்தச் சோதனையின் மதிப்பெண். அந்தத் தாளை எழுத முடியாத மருத்துவமனை, மென்பொருள் வாங்குவதை ஒத்திப்போட்டு, அதே பணத்தில் இன்னொரு செவிலியரை நியமிப்பதே தோணிரேவுக்கு அதிக நன்மை தரும்.