தாளில் பாதி, குரலில் மீதி

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழிசைப் பாடல் தொகுதிகளைப் புரட்டினால் ராகம், தாளம், ஸ்வரம் எல்லாம் ஒழுங்கா இருக்கும். 1929-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கிய வளாகம். 1941-ல் தமிழிசை மாநாடு கூடியதும் அங்கேதான். மேடையில் தமிழ்ப் பாட்டு வேணும்னா, முதலில் கையில் பாட்டு வேணுமே! அதுக்குத்தான் இந்தத் தொகுதிகள்.

ஆனா ஸ்வரக்குறிப்பு, எங்க மென்பொருள் கோடு மாதிரி இல்லை. ஒரு ஸ்வரத்தை எவ்வளவு அசைக்கணும், எங்கே நிறுத்தணும்ங்கிற கமக விவரம் தாளில் பாதிதான் ஏறும். மீதி, டைகர் வரதாச்சாரியார், தண்டபாணி தேசிகர் போன்றவர்கள் பாடிக்காட்ட, மாணவர்கள் காதில் ஏறியது.

தேசிகர் அங்கே கற்பித்தது 1950, 60-களில். அவரிடம் படித்தவர்களுக்கு இப்போ எண்பதை ஒட்டியோ தாண்டியோ வயசு இருக்கும். உங்க தெருவில் அப்படி யாராவது இருந்தா, அந்தத் தொகுதியைக் கையில் கொடுத்து, பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்க.