வான் வில்லியம்ஸின் நான்காம் சிம்பொனி: ஒலிப்பதிவுகளும் பொருள்கொள்ளலும்

ஆங்கில இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ் (1872–1958) தம் நான்காம் சிம்பொனியை 1931 முதல் 1934 வரை எழுதினார். 1935 ஏப்ரல் 10 அன்று லண்டன் குயின்ஸ் ஹாலில், ஏட்ரியன் போல்ட் நடத்த, பிபிசி சிம்பொனி இசைக்குழு இதை முதன்முதலில் வாசித்தது. நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தவர் என்றும் அமைதியான இசைக்கு உரியவர் என்றும் அறியப்பட்டிருந்தவரிடமிருந்து இத்தனை கடுமையான படைப்பை அவையினர் எதிர்பார்க்கவில்லை.

முரணொலியின் இயல்பு

அரைச்சுர இடைவெளியில் உள்ள இரு சுரங்களின் மோதலோடு சிம்பொனி தொடங்குகிறது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பயிலும் மாணவர் ஷட்ஜத்தையும் சுத்த ரிஷபத்தையும் அடுத்தடுத்துப் பாடுகிறார். அது காதுக்கு இனிது. அதே நெருக்கமுள்ள இரு சுரங்களை முழு இசைக்குழுவும் ஒரே நேரத்தில் ஒலித்தால் உரசல் எழும். நான்கு பகுதிகளையும் கடந்து, முடிவில் இந்த மோதல் திரும்ப வருகிறது.

போரின் முன்னறிவிப்பா?

ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டே ஆண்டுகளில் அரங்கேறியதால், வரவிருந்த போரின் முன்னறிவிப்பாகப் பலர் இதைக் கேட்டனர். முதல் உலகப்போரில் பணியாற்றிய வான் வில்லியம்ஸ் இக்கருத்தை ஏற்கவில்லை. புறநிகழ்ச்சி எதையும் சித்திரிக்க இதை எழுதவில்லை என்றார். தொடக்க மோதலை பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியிலிருந்து எடுத்ததாகவும் ஒப்புக்கொண்டார்.

மூன்று பதிவுகள்

1937 அக்டோபரில் எச்.எம்.வி. நிறுவனத்துக்காக இசையமைப்பாளரே பிபிசி குழுவை நடத்திப் பதிவு செய்தார். வேகம் மிகுந்த பதிவு இது. முரணொலிகளில் எங்கும் தங்காமல் அடுத்த இடத்திற்குத் தாவுகிறது. கேட்பவருக்குத் துயரத்தைவிட உந்துவிசையே முதலில் புலப்படும். போல்ட் 1953-இல் டெக்காவுக்காக லண்டன் ஃபில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு செய்த பதிவு சற்று நிதானமானது. 1965-இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை நடத்திய லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் இன்னும் மெதுவாகச் செல்கிறார். அங்கே ஒவ்வொரு மோதலும் கனத்து நின்று, பேரழிவின் குரலாகிறது.

மதிப்பீடு

மூவரும் வாசித்தது ஒரே இசைக்குறிப்பு. மாறியது பெரும்பாலும் காலப்பிரமாணம்தான். அதனோடு பொருளும் மாறிவிட்டது. போர் முடிந்த பின் வாழ்ந்த நடத்துநரும் கேட்பவரும் 1935-இன் காதுகளோடு இதை அணுக முடியாது. 1937 பதிவு இசையமைப்பாளரின் மறுப்புக்குச் சான்றாக நிற்கிறது. ஆயினும் அதனால் மற்றவை பிழையாகிவிடவில்லை. ஒரே கீர்த்தனை வெவ்வேறு பாடாந்தரங்களில் வாழ்வதுபோல, இந்தச் சிம்பொனியும் தன் பதிவுகளில் வாழ்கிறது. புதிதாகக் கேட்கும் மாணவர் 1937 பதிவில் தொடங்கி, பிறகு பெர்ன்ஸ்டைனுக்கு வந்தால் இந்த வரலாற்றைக் காதாலேயே அறியலாம்.