இலத்திரன் கணக்குக் காட்டிய மூலகம்

ஒரு மூலகம் இன்னதென்பதை அதன் இலத்திரன் நிலையமைப்பைக் கொண்டே கூறிவிடலாம் என்பது இன்று விஞ்ஞானம் பயிலும் மாணவர் யாவரும் அறிந்தது. ஓடுகளில் 2, 8, 1 என இலத்திரன்கள் அமைந்திருப்பின் அவற்றின் தொகை 11. நடுநிலை அணுவில் அதுவே அணுவெண். ஆகவே அது சோடியம். பரீட்சை மண்டபத்தில் நாம் அரை நிமிடத்திற் செய்து முடிக்கும் இக்கணக்கு, ஒருகாலத்தில் அறிஞருலகையே இரு கூறாக்கிய வழக்கொன்றைத் தீர்த்து வைத்தது. அவ்வரலாற்றை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

1913, 1914ஆம் ஆண்டுகளில் ஹென்றி மோஸ்லி என்னும் ஆங்கில இளைஞர், மூலகங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய அணுவெண்ணை ஐயமறக் காணும் வழியை வகுத்தார். அதனால் அட்டவணையில் எவ்வெவ்விடங்கள் வெறுமையாயுள்ளன என்பது புலனாயிற்று. பாரிஸ் நகரத்து ஜோர்ஜ் ஊர்பேன், அருமண் மூலகங்களின் ஆராய்ச்சியிற் பெரும்புகழ் பெற்றவர். தாம் 1911இல் அறிவித்த 'செல்தியம்' என்னும் மூலகத்தின் மாதிரியை அவர் 1914இல் ஒக்ஸ்போர்ட்டுக்கு எடுத்துச்சென்று மோஸ்லியிடம் கொடுத்தார். அதில் 72ஆம் மூலகத்தின் அடையாளம் காணப்படவில்லை. மறு ஆண்டு, முதலாம் உலக மகாயுத்தத்தில், கலிப்போலிப் போர்க்களத்தில் மோஸ்லி உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 27.

யுத்தம் முடிந்தது, வழக்கு முடியவில்லை. 1922இல் ஊர்பேனும் டோவில்லியேயும் அதே மாதிரியில் 72க்குரிய மங்கலான கோடுகள் தென்பட்டன என்றனர். 72 ஓர் அருமண் மூலகமே என்பது அவர்கள் கட்சி.

கொப்பன்ஹேகனில் இருந்த நீல்ஸ் போர் என்னும் பேராசிரியர் இதனை ஏற்கவில்லை. அருமண் மூலகங்களில் புதிதாய்ச் சேரும் இலத்திரன்கள் உள்ளே நாலாம் ஓட்டிற் புகுகின்றன. வெளியமைப்பு பெரிதும் மாறாமையாலேயே அவை குணத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. 71ஆம் மூலகமாகிய லுற்றீசியத்தின் அமைப்பு 2, 8, 18, 32, 9, 2. அத்துடன் நாலாம் ஓடு 32 பெற்று நிரம்பிவிடுகிறது. அடுத்த இலத்திரனுக்கு அங்கு இடமில்லை. எனவே 72இன் அமைப்பு 2, 8, 18, 32, 10, 2 ஆகும். தைத்தேனியத்தின் அமைப்பு 2, 8, 10, 2. சேர்க்கோனியத்தினது 2, 8, 18, 10, 2. மூன்றும் 10, 2 என்றே முடிதலைக் காண்க. 72 சேர்க்கோனியத்தின் இனமே! பியூரி என்னும் ஆங்கில இரசாயன அறிஞரும் 1921இல் இம்முடிபுக்கே வந்திருந்தார்.

இனத்தை அறிந்தால் இருப்பிடத்தையும் அறியலாமன்றோ? டேர்க் கொஸ்ரர் என்னும் ஒல்லாந்தரும், ஜோர்ஜ் ஹெவெசி என்னும் ஹங்கேரியரும் கொப்பன்ஹேகனில் நோர்வே நாட்டுச் சேர்க்கன் கனியத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தனர். 72க்குரிய கோடுகள் தெளிவாகத் தோன்றின. 1922 டிசம்பர் 11ஆந் திகதி ஸ்ரொக்ஹோமில் நிகழ்த்திய நோபல் பரிசுச் சொற்பொழிவிலேயே போர் அச்செய்தியை வெளியிட்டார். கொப்பன்ஹேகனின் இலத்தீன் பெயராகிய ஹஃப்னியா என்பதிலிருந்து அம்மூலகம் ஹஃப்னியம் எனப் பெயர் பெற்றது.

நமக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. 1789இல் பேர்லினில் கிளாப்ரொத் சேர்க்கோனியத்தை முதன்முதற் கண்டது இலங்கையிலிருந்து சென்ற சேர்க்கன் கல்லிலேயாம். நிறமற்ற சேர்க்கனை 'மாத்தறை வைரம்' என்பர். சேர்க்கன் கற்களில் ஹஃப்னியமும் சிறிதளவு கலந்தேயிருக்கும். குணத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போன்றமையால், 133 ஆண்டுகளாக ஆய்வாளர் கையிலிருந்தும் அது கண்ணிற்படவில்லை. ஆயினும் அணு உலையில் இவ்விரட்டையர் வேறுபடுகின்றனர். சேர்க்கோனியம் நியூத்திரன்களை எளிதிற் செல்லவிடும். ஹஃப்னியமோ அவற்றை விழுங்கும். ஆகவே முன்னையது எரிபொருட் கோல்களுக்கு உறையாகவும், பின்னையது உலையை அடக்கும் கோல்களாகவும் பயன்படுகின்றன.

ஊர்பேனின் புகழ் அவர் கட்சியை நிலைநாட்டவில்லை. போரின் கணக்குங்கூடத் தானாக வெற்றி பெற்றதன்று. தேடவேண்டிய இடத்தையே அது காட்டியது. தீர்ப்பு வழங்கியது, களத்தில் மாண்ட அந்த இளைஞர் விட்டுச்சென்ற அளவுகோலே. எவர் சொன்னார் என்று பாராது, சொன்னது சோதனைக்கு நிற்குமோ என்று பார்ப்பதே விஞ்ஞானம். மனனஞ் செய்யும் எண்களின் பின்னே இத்தகைய வரலாறு உண்டென்பதை உணர்ந்து கற்போமாக.